இழுப்பது எஞ்சின்... தாங்குவது கொக்கி! கரும்பு டிராக்டர் முதல் கேரவன் வரை ஒரே கணக்குதான்

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் போகும் சாலையில் இருக்கிறது கருவேப்பிலங்குறிச்சி. கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் பைக்கில் போகிறவர்களுக்கு ஒரு காட்சி நன்றாகப் பழக்கம். முன்னால் ஒரு டிராக்டர், அதன் பின்னால் கரும்பு நிறைந்த டிரெய்லர், சில நேரம் அதற்கும் பின்னால் இன்னொரு டிரெய்லர். இரண்டு பக்கமும் தோகை சாலையை உரச உரச, வண்டி ஆடி அசைந்து ஆலையை நோக்கிப் போகும்.

பின்னால் வருகிறவர் பார்ப்பது லோடை மட்டும்தான். "எவ்ளோ ஏத்தியிருக்கான் பாரு" என்று ஒரு பெருமூச்சு விட்டு, ஓரம் கட்டி முந்தப் பார்ப்பார். டிராக்டரையும் டிரெய்லரையும் சேர்த்துப் பிடித்திருக்கும் பொருளை அவர் பார்ப்பதில்லை. சில வண்டிகளில் அது முறையான ஹிட்ச் பின். சில வண்டிகளில் கட்டடம் கட்டி மிஞ்சிய கம்பித் துண்டு. டன் கணக்கான கரும்பு அந்த ஒரு துண்டை நம்பித்தான் சாலையில் போகிறது.

இழுவை என்றாலே பேச்சு எஞ்சினைப் பற்றித்தான் இருக்கும். எத்தனை குதிரைத்திறன், எந்த கியரில் ஏறும், எவ்வளவு டீசல் குடிக்கும் என்று பேசுவார்கள். "கொக்கி எத்தனை டன் தாங்கும்?" என்று கேட்பவர் அரிது. எஞ்சினில் பலம் குறைந்தால் வண்டி நகராது, அவ்வளவுதான். கொக்கியில் பலம் குறைந்தால், பின்னால் வரும் யாரோ ஒருவருடைய உயிர் போகும். கொக்கியைக் கண்ணால் பார்த்து, கைக்கு வந்ததை மாட்டும் பழக்கத்தை விட்டுவிட்டு, எண்ணைப் பார்த்துப் பொருத்தும் பழக்கத்துக்கு வர வேண்டும். கரும்பு டிராக்டர், பொங்கலுக்கு ஊருக்கு வரும் வழியில் நின்றுபோன கார், அமெரிக்காவில் கேரவனுக்குப் பின்னால் ஓடும் கார் மூன்றுக்கும் இது பொருந்தும்.

பொங்கல் லீவும் நைலான் கயிறும்

சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் பண்டிகைக்குக் காரில் ஊருக்கு வருகிறார். விருத்தாசலம் தாண்டியதும் கார் நின்றுவிடுகிறது. இரவு நேரம். நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குப் போன் போட்டால் வண்டி வர நேரமாகும் என்கிறார்கள். அந்த வழியாக ஒரு டிராக்டர் வருகிறது. "கயிறு இருக்கா அண்ணே?" "இருக்கு தம்பி, கட்டு." பம்பருக்குக் கீழே குனிந்து கைக்குச் சிக்கியதில் ஒரு முடிச்சு. ஐந்தே நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும்.

உதவி செய்யும் அந்த மனசு நல்ல மனசு. ஆனால் அந்த முடிச்சில் சிக்கல் இருக்கிறது.

கயிற்றால் இழுக்க மட்டும்தான் முடியும், தடுக்க முடியாது. முன்னால் போகும் டிராக்டர் பிரேக் போட்டால், பின்னால் இருக்கும் காரும் தானே பிரேக் போட்டாக வேண்டும். மணிக்கு 24 கி.மீ. வேகம் என்றால் கேட்க மெதுவாகத்தான் இருக்கும். அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 6.7 மீட்டர் தூரம் கடந்துவிடும். கயிற்றின் நீளம் 5 மீட்டர் என்றால், காரில் இருப்பவர் ஒரே ஒரு நொடி தாமதமாக பிரேக்கை மிதித்தாலும் முன்னால் இருப்பதில் போய் மோத வாய்ப்பு அதிகம். அதுவும் எஞ்சின் ஓடாத காரில் பிரேக் பூஸ்டர் வேலை செய்யாது. மிதி கல்லு மாதிரி இறுகிவிடும். பவர் ஸ்டியரிங்கும் உதவிக்கு வராது.

இன்னொன்று வெட்டு. தொய்ந்து கிடக்கும் கயிறு திடீரென இறுகும்போது வருகிற வெட்டு. 1 டன் எடையுள்ள கார் நிற்கிறது, கனமான டிராக்டர் மணிக்கு வெறும் 5 கி.மீ. வேகத்தில் நகர்ந்து கயிற்றை இறுக்குகிறது, கயிறு 10 சென்டிமீட்டர் மட்டும் நீள்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் கயிற்றின் மீது விழும் சராசரி விசையே கிட்டத்தட்ட 1 டன். உச்சத்தில் அது இன்னும் அதிகம். மனிதர் நடக்கும் வேகத்தில் காரின் முழு எடையும் ஒரு முடிச்சில் தொங்குகிறது. முடிச்சு போட்ட இடம் அலங்காரத்துக்காக மாட்டிய பம்பர் கார்டாக இருந்தால், அது கையோடு வந்துவிடும். அறுந்த கயிறும் பிய்ந்த இரும்பும் சவுக்கு மாதிரி திரும்பி அடிக்கும். அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவரின் கதி என்ன?

ஆகவே முதல் பாடம், காரை எங்கே கட்டுவது என்பது. பல கார்களில் பம்பரில் ஒரு சின்ன மூடி இருக்கும். அதைக் கழற்றினால் மரை போட்ட துளை தெரியும். ஸ்டெப்னி டயர் பக்கம் இருக்கும் டூல் கிட்டில் ஓர் இரும்பு வளையம் கிடக்கும். அதை அந்தத் துளையில் முழுக்கச் சுற்றி இறுக்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் கார்கள் பலவற்றில் அந்த மரை வழக்கத்துக்கு மாறாக இடப்பக்கம் சுற்றும். தெரியாமல் வலப்பக்கம் சுற்றிப் பார்த்து, "இது செட் ஆகல" என்று தூக்கிப்போட்டுவிட்டு பம்பரில் கட்டுபவர்கள் உண்டு. கார் கம்பெனி இழுப்பதற்கென்று கணக்குப் போட்டு வைத்த இடம் அது மட்டும்தான்.

கேரவன் என்றால் ஷூட்டிங் வண்டி மட்டுமல்ல

தமிழில் கேரவன் என்றாலே நினைவுக்கு வருவது சினிமா ஷூட்டிங்கில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏ.சி. வண்டிதான். பக்கத்தில் கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியாவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கோ கோடை விடுமுறையில் படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வண்டியை வாடகைக்கு எடுத்துச் சுற்றுவது புதிதல்ல.

அந்தப் பெரிய வண்டியில் ஒரு தொல்லை உண்டு. முகாமில் நிறுத்திவிட்டுப் பால் பாக்கெட் வாங்கப் போக வேண்டும் என்றாலும் வீட்டையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். அதனால் சொந்தமாகக் கேரவன் வைத்திருப்பவர்கள் பலர், அதன் பின்னால் ஒரு சின்னக் காரை இணைத்து இழுத்துச் செல்கிறார்கள். அங்கே யாரும் கயிறு கட்டுவதில்லை. 'டோ பார்' என்கிற முக்கோண வடிவ இரும்புச் சட்டத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன் முனை கேரவனில் மாட்டும். இரண்டு கைகளும் காரின் முன்பக்கம் மாட்டும். கயிறு போல் இல்லாமல் இது இழுக்கவும் செய்யும், இடிக்காமல் தடுத்துப் பிடிக்கவும் செய்யும்.

இந்த இணைப்பில் பல உறுப்புகள் இருக்கின்றன. கேரவனின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்ட சதுரக் குழாய், அதற்குள் நுழையும் தண்டு, அதைப் பூட்டும் பின், டோ பார், காரின் முன்பக்கம் அந்த மாடலுக்கென்றே செய்த தாங்கு தகடு, பாதுகாப்புச் சங்கிலி. ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கடையில் வாங்கலாம். எல்லாமே பளபளவென்றுதான் இருக்கும். அவை ஒன்றோடொன்று பொருந்துமா என்பதை யாராவது உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

சின்ன எண்தான் உண்மையான எண்

ஒவ்வோர் உறுப்பிலும் அது எவ்வளவு எடையை இழுக்கத் தாங்கும் என்று பொறித்திருப்பார்கள். குழாய் 2,270 கிலோ, டோ பார் 2,950 கிலோ, நடுவில் நுழைக்கும் தண்டு 1,590 கிலோ, கார் 1,800 கிலோ என்று ஒரு கணக்கு எடுத்துக்கொள்ளலாம். டோ பாரைப் பார்த்தால் தாராளமாக இருக்கிறது. குழாயும் போதும். ஆனால் தண்டு போதாது. ஆக மொத்த இணைப்பின் பலமும் 1,590 கிலோதான். 1,800 கிலோ காரை அதில் இழுக்கக் கூடாது. மற்ற உறுப்புகளுக்கு எவ்வளவு காசு செலவழித்திருந்தாலும் பயனில்லை.

இந்த உறுப்புகளோடு இன்னொரு எண்ணையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இழுக்கும் வண்டியும் இழுபடும் வண்டியும் சேர்ந்து மொத்தம் எவ்வளவு எடை வரை போகலாம் என்று வண்டியைச் செய்த கம்பெனி சொல்லியிருக்கும். கொக்கி தாங்கினாலும் பிரேக் தாங்க வேண்டுமே!

ஐரோப்பாவில் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்கிறார்கள். அங்கே இணைப்புக் கருவிகளில் 'டி மதிப்பு' என்று ஓர் எண் இருக்கும். இழுக்கும் வண்டியின் எடையையும் இழுபடும் வண்டியின் எடையையும் பெருக்கி, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 9.81 ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். 1.5 டன் கார், 750 கிலோ டிரெய்லரை இழுத்தால் விடை சுமார் 4.9 கிலோ நியூட்டன். கொக்கியில் பொறித்த எண் இதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். மொபைலில் இருக்கும் கால்குலேட்டரில் அரை நிமிட வேலை.

பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்

டிரெய்லர் கொக்கியில் வரும் இரும்பு உருண்டையை எடுத்துக்கொண்டால், ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் வழக்கமான அளவு 50 மி.மீ. அமெரிக்காவில் 1-7/8 அங்குலம், 2 அங்குலம், 2-5/16 அங்குலம் என்று மூன்று அளவுகள் பரவலாக உண்டு. மில்லிமீட்டரில் சொன்னால் ஏறத்தாழ 47.6, 50.8, 58.7.

47.6 உருண்டையின் மேல் 50.8-க்கான மூடியைக் கவிழ்த்தால் அது உட்காரும். பூட்டும் விழும். நான்கு தெரு ஓட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. ஒரு வேகத்தடையில் தூக்கிப் போடும்போதுதான் மூடி துள்ளி வெளியே வரும். வெறும் 3 மி.மீ. வித்தியாசம்தான். மாட்ட முடிகிறது என்பதாலேயே அது பொருத்தம் என்று ஆகிவிடாது. இதனால்தான் உருண்டையின் மேலேயே அளவைப் பொறித்து வைக்கிறார்கள். துருவைத் தேய்த்துவிட்டு அதைப் படிக்க வேண்டும்.

உயரத்திலும் இதே கதைதான். கேரவன் பக்கக் குழாயும் காரின் பக்கத் தகடும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். டோ பார் செய்பவர்கள் பொதுவாக 3 முதல் 4 அங்குலம் வரைதான் ஏற்ற இறக்கத்தை அனுமதிக்கிறார்கள். அதற்கு மேல் சரிவாக இருந்தால், பிரேக் போடும்போது கார் கேரவனுக்கு அடியில் நுழையவோ மேலே ஏறவோ பார்க்கும். உயரத்தைச் சரிசெய்ய வளைந்த தண்டு விற்கிறது. ஆனால் அதை மாட்டியதும் தாங்கும் எடை குறையலாம் என்பதால், மறுபடியும் எண்ணைப் பார்க்க வேண்டும்.

கார் தயாரா என்று கேட்டீர்களா?

கொக்கி எல்லாம் சரி. இழுபடப் போகும் கார் என்ன சொல்கிறது?

மேனுவல் கியர் கார்களில் பலவற்றை நியூட்ரலில் போட்டு நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கலாம். ஆட்டோமேட்டிக் கார்களில் பலவற்றில் கியர் பாக்ஸுக்கு எண்ணெய் தள்ளும் பம்பு எஞ்சின் ஓடினால்தான் ஓடும். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சக்கரத்தை மட்டும் சுற்றவிட்டால், எண்ணெய் இல்லாமல் உள்ளே உரசி கியர் பாக்ஸ் வெந்துவிடும். மின்சாரக் கார்களில் வேறு சிக்கல். சக்கரம் சுற்றினால் மோட்டாரும் சுற்றி மின்சாரம் உண்டாக்கும். அதனால் பெரும்பாலான மின்சாரக் கார்களைத் தட்டையான தளம் உள்ள வண்டியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும் என்று கம்பெனிகளே சொல்லிவிடுகின்றன.

கிளட்ச் இல்லாத காரும் மின்சாரக் காரும் வாங்குபவர்கள் பெருகிவரும் காலம் இது. "கயித்தக் கட்டி இழு" என்பது அந்தக் காலத்து அம்பாசடருக்குச் சரியாக வந்திருக்கலாம். இன்றைய காருக்கு அந்த ஒரு உதவியே பெரிய செலவு வைத்துவிடும். கையேட்டில் 'டோயிங்' என்ற பக்கம் எங்கே இருக்கிறது என்பதை, வண்டி நின்ற பிறகு தேடாமல் வாங்கிய வாரமே போட்டோ எடுத்து மொபைலில் வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் 1989-ம் ஆண்டின் சாலை விதிமுறைகள் இழுத்துச் செல்வது பற்றித் தெளிவாகவே பேசின. பழுதான வண்டி, முழுதாகப் பூட்டி முடிக்காத வண்டி, பதிவு பெற்ற டிரெய்லர், சைடு கார். இவற்றைத் தவிர வேறு வண்டியை இழுக்கக் கூடாது. இழுபடும் வண்டியில் உரிமம் உள்ள ஒருவர் ஸ்டியரிங் பிடித்து உட்கார்ந்திருக்க வேண்டும், அல்லது அதன் முன்சக்கரங்களைத் தூக்கிக் கட்டியிருக்க வேண்டும். இரண்டு வண்டிக்கும் நடுவே 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது. கயிறோ சங்கிலியோ மற்றவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும். பின்னால் 'ஆன் டோ' என்று 75 மி.மீ. உயர எழுத்தில், வெள்ளைப் பின்னணியில் கறுப்பாக எழுதி மாட்ட வேண்டும். வேகம் 24 கி.மீ.-ஐத் தாண்டக் கூடாது. 2017-ல் இந்த விதிமுறைகளின் இடத்துக்குப் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. இழுத்துச் செல்வதற்கான விதி அவற்றிலும் உண்டு.

அந்த 1989 விதியைக் கவனித்துப் படித்தால் ஒன்று புரியும். அமெரிக்காவில் செய்வதுபோல, நன்றாக ஓடும் காரைக் கேரவனின் பின்னால் உருட்டிக்கொண்டு போவதற்கு அதில் இடமே இல்லை. பழுதாகாத காரைக் கொண்டுபோக வேண்டும் என்றால் பதிவு பெற்ற டிரெய்லரில் ஏற்றியாக வேண்டும். இணையத்தில் அழகாக இருக்கிறதே என்று டோ பார் ஒன்றை வரவழைத்து, உள்ளூர் பட்டறையில் வெல்டிங் வைத்துக் காரில் மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவும் குறுக்கே வரும். வண்டியின் அசல் வடிவமைப்பை இஷ்டத்துக்கு மாற்றுவதைத் தடுக்கும் பிரிவு அது. பம்பர் கார்டுகளுக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியபோது சுட்டிக்காட்டியதும் இந்தப் பிரிவைத்தான்.

கேரவன் சுற்றுலாவை வளர்க்க நினைக்கும் நாடு இந்த இடத்தில் ஒரு தெளிவான பதிலைத் தர வேண்டும். எந்த அளவு கொக்கி, எந்தச் சான்று, எந்தப் பிரேக் இருந்தால் அனுமதி என்று சொன்னால் மக்கள் அதை வாங்குவார்கள். ஒன்றுமே சொல்லாவிட்டால் வெல்டிங் பட்டறைதான் விதி எழுதும்.

திரும்பவும் கரும்பு டிராக்டர்

கேரவன்காரர்கள் இத்தனை பார்த்துப் பார்த்துப் பொருத்துவது ஒன்றரை, இரண்டு டன் காருக்கு. கருவேப்பிலங்குறிச்சி வழியாகப் போகும் கரும்பு டிரெய்லர் அதைப் போலப் பல மடங்கு எடை. அங்கே என்ன நடக்கிறது?

டிராக்டரின் பின்பக்கம் இரண்டு தகடுகளுக்கு நடுவே டிரெய்லரின் வளையம் நுழையும். மூன்றையும் துளைத்து ஒரு பின் இறங்கும். அந்தப் பின் துளைக்குச் சரியான தடிமனில் இருக்க வேண்டும். மேலே தலை, கீழே வெளியே வராமல் பூட்டும் கிளிப். முறையான பொருள் என்றால் இவ்வளவும் இருக்கும்.

28 மி.மீ. பின் போக வேண்டிய துளையில் 16 மி.மீ. கம்பியைச் செருகினால் என்ன ஆகும்? "அதுவும் இரும்புதானே" என்பார்கள். கட்டடக் கம்பி மட்டமான இரும்பு அல்ல. ஆனால் 28-க்கும் 16-க்கும் குறுக்குவெட்டுப் பரப்பில் மூன்று மடங்கு வித்தியாசம். அதாவது பலம் மூன்றில் ஒரு பங்கு. அதோடு 12 மி.மீ. காலி இடம். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும், ஒவ்வொரு முறை பிரேக் போடும்போதும், டிரெய்லர் அந்த இடைவெளியில் ஓடிவந்து கம்பியைச் சுத்தியல் மாதிரி அடிக்கும். தலையும் இல்லை, கிளிப்பும் இல்லை. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது கம்பி மேலே எழும்பி வந்துவிட்டால் தடுக்க ஒன்றுமில்லை.

பிரேக்கை எடுத்துக்கொள்ளலாம். 10 டன் டிரெய்லர், அதற்குத் தனியாக பிரேக் இல்லை என்று வைத்துக்கொண்டால், டிராக்டர் கொஞ்சம் அழுத்தமாக பிரேக் போட்டு நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கும்போது, பின்னாலிருந்து பின் மீது விழும் தள்ளு விசை 3 டன். இரண்டாவது டிரெய்லரும் இருந்தால் முதல் பின் இரண்டின் தள்ளையும் வாங்கும். அந்தத் தள்ளில் டிராக்டர் நேராக நிற்பதே கஷ்டம். திரும்பி மடங்கிக்கொள்ளும்.

மாட்டும் உயரமும் முக்கியம். டிராக்டரில் இழுப்பதற்கென்று கீழே தாழ்வாக ஓர் இடம் வைத்திருக்கிறார்கள். "மேல மாட்டினா நல்லா இழுக்குது" என்று அதைவிட உயரத்தில் மாட்டினால், பாரத்தை இழுக்கும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பி, டிராக்டரே பின்னால் கவிழும் ஆபத்து இருக்கிறது. டிரெய்லரில் லோடை எங்கே ஏற்றுகிறார்கள் என்பதும் கொக்கியைப் பாதிக்கும். ஒற்றை அச்சு டிரெய்லரில் பாரம் பின்பக்கம் அதிகமானால் முன்னால் கொக்கி மேல்நோக்கி இழுபடும். கிளிப் இல்லாத பின் அப்போது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை.

இதற்கெல்லாம் கடைசிக் காவல் பாதுகாப்புச் சங்கிலி. பின் போனாலும் டிரெய்லர் தனியே ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளும் இரண்டாவது கை அது. கேரவன்களில் இரண்டு சங்கிலிகளைக் கொக்கிக்கு அடியில் குறுக்காக மாட்டுவார்கள். முனை கழன்று விழுந்தாலும் தரையில் குத்தாமல் சங்கிலித் தொட்டிலில் தங்கும். வளைவில் இறுகாத அளவுக்கு நீளம் வேண்டும், சாலையில் உரசாத அளவுக்குக் குட்டையாகவும் இருக்க வேண்டும். கரும்பு வண்டிக்கு இது ஆடம்பரம் என்று நினைப்பதுதான் தவறு. பாரம் கூடக் கூட, இரண்டாவது பிடி கட்டாயமாகிறது.

"இருபது வருஷமா இப்படித்தான் ஓட்டுறோம்"

இப்படிப் பேசினால் உடனே வரும் பதில் இது. இருபது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையாம். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் இரும்பு அப்படிக் கணக்கு வைப்பதில்லை.

விருத்தாசலம் பீங்கானுக்குப் பெயர் போன ஊர். பீங்கான் எப்படி உடையும் என்று அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வளையாது, எச்சரிக்காது, பட்டென்று போகும். இரும்பு அப்படி இல்லை, முதலில் வளையும், பார்த்து மாற்றிக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை பலருக்கு உண்டு. ஒரே தடவையில் அதிக பாரம் விழுந்தால் அது உண்மை. ஆனால் தினம் ஆயிரம் தடவை சின்னச் சின்ன அடி வாங்கும் இரும்பில் மயிரிழை போல ஒரு கீறல் தொடங்கும். வெளியே தெரியாது. அது மெல்ல மெல்ல உள்ளே போகும். ஒரு நாள், வழக்கமான லோடில், வழக்கமான சாலையில், பீங்கான் மாதிரியே பட்டென்று போகும். இருபது வருஷம் தாங்கிய கொக்கி இருபத்தோராம் வருஷமும் தாங்கும் என்பதற்கு அந்த இருபது வருஷம் சாட்சி ஆகாது. தேய்மானத்துக்குத்தான் சாட்சி.

இன்னொரு பதிலும் வரும். "விவசாயிகிட்ட காசு எங்க இருக்கு?" இது நியாயமான கேள்வி. கரும்புக்குப் பணம் வர மாதக்கணக்கில் காத்திருந்த அனுபவம் இந்த மாவட்டத்துக்கு உண்டு. ஆனால் முறையான ஒரு ஹிட்ச் பின், கிளிப்போடு சேர்த்து, சில நூறு ரூபாய் சமாச்சாரம். ஒரு தடவை டேங்க் நிரப்பும் டீசல் காசு அதைவிட அதிகம். சங்கிலிக்குக் கொஞ்சம் கூட ஆகும். சிக்கல் காசில் இல்லை. தேவைப்படும் நேரத்தில், தேவைப்படும் அளவில், அது பக்கத்துக் கடையில் கிடைப்பதில்லை. கம்பித் துண்டு கையில் கிடைக்கிறது.

ஆகவே விவசாயியையும் டிரைவரையும் மட்டும் குறை சொல்லி முடிப்பது சரியல்ல. வண்டிகள் கடைசியாக வந்து நிற்கும் இடம் ஆலை வாசல். எடை மேடையில் ஒவ்வொரு வண்டியும் நின்றுதான் போகிறது. சேத்தியாத்தோப்பு எம்.ஆர்.கே. கூட்டுறவு சர்க்கரை ஆலை போன்ற இடங்களில் அரவை தொடங்கும் முன்பே கொக்கி, பின், சங்கிலி மூன்றையும் பார்த்து ஒரு சீட்டு ஒட்டினால் போதும். ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு முகாம் நடத்த முடிகிறது என்றால், அதே முகாமில் குனிந்து பின்னையும் பார்க்க முடியும். தேய்ந்ததை அங்கேயே மாற்றிக் கொடுத்துவிட்டு, கரும்புப் பணத்தில் கழித்துக்கொள்ளலாம். வண்டியை மடக்கி அபராதம் போடுவதைவிட இது சீக்கிரம் பலன் தரும்.

சாலையோரப் பட்டறைகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஒரு டோ பார், எடை பொறித்த இரண்டு இழுவைப் பட்டை, 'ஆன் டோ' என்று எழுதிய ஒரு பலகை. இவற்றை வைத்திருக்கும் பட்டறை ராத்திரியில் நின்றுபோன காருக்கு நைலான் கயிறைவிடப் பெரிய உதவி செய்யும். வாடகையும் வாங்கிக்கொள்ளலாம்.

கிளம்பும் முன் ஐந்து நிமிடம்

எந்த வண்டியாக இருந்தாலும், இழுக்கும் முன் பார்க்க வேண்டியவை இவைதான்:

* எடை: இணைப்பில் உள்ள ஒவ்வோர் உறுப்பிலும் பொறித்த எண்ணைப் படிக்க வேண்டும். அதில் சின்ன எண்தான் கணக்கு. எண் இல்லாத உறுப்பு என்றால் வேண்டாம்.

* அளவு: துளைக்கேற்ற பின், மூடிக்கேற்ற உருண்டை. "கிட்டத்தட்ட சரியா இருக்கு" என்றால் சரியில்லை என்று அர்த்தம்.

* உயரம்: இரண்டு வண்டியும் சமதளத்தில் நிற்கும்போது இணைப்பு மட்டமாக இருக்கிறதா?

* பூட்டு: கிளிப் மாட்டியாயிற்றா? சங்கிலி குறுக்காக இருக்கிறதா? பின்னில் வளைவு, கீறல், பள்ளமான தேய்மானம் இருந்தால் அன்றைக்கே மாற்ற வேண்டும்.

* இழுபடும் வண்டி: கியர் நியூட்ரலில் இருக்கிறதா, ஸ்டியரிங் பூட்டு திறந்திருக்கிறதா, ஹேண்ட் பிரேக் விட்டாயிற்றா, பின் விளக்கு எரிகிறதா? ஆட்டோமேட்டிக் அல்லது மின்சாரக் கார் என்றால் கையேட்டைப் பார்க்காமல் உருட்டவே கூடாது.

ஒரு கிலோமீட்டர் போனதும் ஓரம் நிறுத்தி, இறங்கி, இதையே இன்னொரு முறை பார்ப்பது நல்லது. கழலப் போவது பெரும்பாலும் முதல் சில கிலோமீட்டரிலேயே லேசாகத் தளர்ந்து காட்டிவிடும்.

கரும்பு சீசனில் கருவேப்பிலங்குறிச்சி சாலையில் டிரெய்லருக்குப் பின்னால் போகும் பைக்கில் இருப்பது, கல்லூரி முடிந்து வீடு திரும்பும் பிள்ளையாக இருக்கலாம், வேலை முடிந்து வரும் அம்மாவாக இருக்கலாம். முன்னால் போகும் டிராக்டரில் எந்தப் பின் போட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அது தெரிந்தவர் வண்டியை எடுக்கும் டிரைவர் ஒருவர்தான். சாவியைத் திருகும் முன் அவர் ஒரு தடவை பின்னால் போய்க் குனிந்து பார்த்தால் போதும்.